ஆளுக்கு இரண்டு குவளை

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் சார், பிறகு நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். உங்கள் வாசல் குழாய் சொட்டுகிறது. உள்ளே நுழையும்போதே காதில் விழுந்தது. வாஷர் தேய்ந்திருக்கும், மாற்றுவது பெரிய வேலை இல்லை. அதுவரைக்கும் அடியில் ஒரு வாளியை வைக்கச் சொல்லுங்கள். சாயங்காலத்துக்குள் இந்த அறையைத் துடைத்துவிடுகிற அளவுக்குத் தண்ணீர் சேர்ந்துவிடும். குற்றம் சொல்வதாக நினைக்க வேண்டாம், எனக்குப் பழக்கம் அப்படி.

வீட்டில் எனக்கு 'அணைக்கட்டு' என்று பட்டப்பெயர். கொழுந்தன் வைத்தது. கேலியாகத்தான் ஆரம்பித்தார், நாளடைவில் அதுவே மரியாதையாக நின்றுவிட்டது. எந்த விசேஷமாக இருந்தாலும் "தண்ணி விஷயத்த அண்ணிகிட்ட விட்டுடுங்க" என்பார்கள். அரிசி களைந்த தண்ணீர் பாத்திரத்துக்குப் போகும், பாத்திரம் கழுவிய தண்ணீர் செடிக்குப் போகும். என் கணவர் முகம் கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்பது அவருக்கே இன்றுவரை தெரியாது. அடுத்த தெருவிலிருந்தெல்லாம் என்னிடம் யோசனை கேட்டு வருவார்கள். மனுஷிக்கு ஏதாவது ஒரு பெயர் வேண்டும் இல்லையா சார். சிலருக்குப் பாட்டு வரும், சிலருக்குப் படிப்பு வரும். எனக்கு இது ஒன்றுதான் வந்தது, அதை நான் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றி வந்தேன்.

தீவுக்கு ஐந்து பேர் போனோம். நான், என் கணவர், அவருடைய தம்பி, தம்பி மனைவி, அப்புறம் அவர்கள் எல்லாருக்கும் மூத்தவரான என் நாத்தனார். அவரை வீட்டில் எல்லாரும் பெரியக்கா என்போம், நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். தீவு என்பது கொழுந்தனின் யோசனை. வருஷம் முழுக்கக் குழாயடியில் நின்று கண்ணே வறண்டுவிட்டது, நாலு பக்கமும் தண்ணீரைப் பார்த்துவிட்டு வருவோம் என்றார். எனக்கும் ஆசையாக இருந்தது. கல்யாணமான நாள்முதல் நாங்கள் எங்கேயும் போனதில்லை.

பெரியக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், கணவர் இல்லை, குழந்தை இல்லை. தோளில் ஒரு துணிப்பை எப்போதும் தொங்கும். மாற்றுத் துணி, சீப்பு, மாத்திரை, போன், ஊசி நூல் எல்லாம் அதற்குள்தான். விடுதி அறையை நம்பி ஒரு கைக்குட்டையைக்கூட வைத்துவிட்டுப் போகமாட்டார். இன்னொரு வழக்கமும் உண்டு. எந்த விசேஷத்துக்கு வந்தாலும் முடியும்வரை இருக்கமாட்டார். நடுவில் யாருடைய சொல்லாவது சுருக்கென்று தைத்துவிடும். பையை மாட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிடுவார். கொழுந்தன் கல்யாணத்தில் பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே போனவர். யாரும் பின்னால் போவதும் இல்லை, போனில் கூப்பிடுவதும் இல்லை. முதலில் கூப்பிடுகிறவர் தோற்றவர் என்று அந்த வீட்டில் ஒரு கணக்கு. ஒன்றிரண்டு மாதம் கழித்து அவரே வந்து, நேற்றுத்தான் போனவர்போல, "என்ன, எல்லாரும் நல்லாயிருக்கீங்களா" என்பார். அத்தோடு சரி. இதை நான் ஏற்படுத்தவில்லை சார். நான் மருமகளாக வந்தபோதே இருந்தது.

விடுதி சின்னது. வரிசையாக அறைகள், மேலே தகரக் கூரை. மழை பெய்தால் கூரைத் தண்ணீரெல்லாம் முற்றத்துக்கு அடியில் இருக்கிற பெரிய தொட்டிக்கு வந்துவிடும். மழை இல்லாத மாதங்களில் மறுகரையிலிருந்து தண்ணீர்ப் படகு வந்து அதே தொட்டியை நிரப்பும். மின்சாரம் வருகிறபோது மோட்டார் தானாக ஓடி மேல்தொட்டிக்கு ஏற்றும், அங்கிருந்து அறைகளுக்கு வரும். அந்த ஏற்பாட்டைப் பார்த்ததுமே விடுதிக்காரம்மாவை எனக்குப் பிடித்துப்போயிற்று. இடுப்பில் சாவிக்கொத்து, கையில் எப்போதும் ஒரு துடைக்கிற துணி. என் ஜாதி என்று நினைத்துக்கொண்டேன், அதாவது தண்ணீர் விஷயத்தில்.

பைகளைப் போட்டுவிட்டுக் கடலுக்கு ஓடினோம். என் கணவர் வேட்டியை மடித்துக்கொண்டு அலையைத் துரத்தினார், அலை திரும்பி வந்து அவரைத் துரத்தியது. சாயங்காலம் திரும்பியபோது விடுதிக்காரம்மா தொட்டி மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மூங்கில் கழியோடு நின்றிருந்தார். கழியின் நுனியில் ஒரு சாண் மட்டும் ஈரம். காலையில் முக்கால் தொட்டி இருந்தது, எங்கேயோ விரிசல் விட்டிருக்கிறது என்றார். தண்ணீர்ப் படகோ பழுதாகிக் கரையேறிக் கிடந்தது. பயணிகள் லாஞ்சு வாரத்துக்கு ஒருமுறைதான், அது எங்களை இறக்கிவிட்டு அன்றைக்கே போய்விட்டது. விரிசல் என்றே எல்லாரும் நம்பினோம்.

இனிமேல் சொல்லப்போவதைக் கேட்டு என்னைத் தப்பாக நினைக்காதீர்கள். அந்த நாட்கள்போலச் சந்தோஷமான நாட்கள் என் வாழ்க்கையில் வந்ததில்லை. பஞ்சம் என்று தெரிந்ததும் எல்லாருடைய முகமும் தொங்கிப்போயிற்று, என் உடம்பில் மட்டும் புது ரத்தம் ஓடியது. நான் அளந்து கொடுக்கிறேன் என்றேன். விடுதிக்காரம்மா நான் ஒரே ஒரு குவளையில் ஐந்து பேர் வாய் கொப்பளிக்க வைத்ததைப் பார்த்துவிட்டு, தொட்டிச் சாவியைக் கொத்திலிருந்து கழற்றி என் கையில் வைத்தார். "உங்க கை கணக்கான கை. நீங்களே பாத்துக்கோங்கம்மா" என்றார். அந்தச் சாவியைத் தாலிக்கொடியில் கோத்துக்கொண்டேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

குடிக்கவும் சமையலுக்கும் தனி. மேலுக்கு ஆளுக்கு இரண்டு குவளை. காலையில் எல்லாரும் குவளையோடு என் முன்னால் வரிசையில் நிற்பார்கள். என் கணவர் கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக என்னை "நீங்க" என்று கூப்பிட்டு இன்னும் அரைக் குவளை கேட்டார். வழுக்கைத் தலைக்கு அது ஆடம்பரம் என்று மறுத்துவிட்டேன். கடலில் குளித்துவிட்டு வந்தால் உப்பு உடம்பெல்லாம் பூத்து நிற்கும். கொழுந்தன் தன் கையை நக்கிப் பார்த்துவிட்டு, சாப்பாட்டில் உப்பு குறைந்தால் என்னைத் தொட்டுக்கொள்ளுங்கள் என்றார். ஓரகத்தியின் தலைமுடி விளக்குமாறுபோல நட்டுக்கொண்டு நின்றது. அதைப் பார்த்து அவளே விழுந்து விழுந்து சிரித்தாள்.

மாடிப்படிக் குளியலை நான்தான் கண்டுபிடித்தேன். மொட்டைமாடிக்கு ஏறுகிற படியில் ஒருவருக்குக் கீழ் ஒருவராக எல்லாரும் உட்கார வேண்டும். மேலே இருக்கிறவர் தலையில் ஊற்றினால் அது வழிந்து அடுத்தவர் தலைக்கு வரும், அங்கிருந்து அதற்கடுத்தவருக்கு. கடைசிப் படியில் ஒரு தாம்பாளம், அதில் விழுவது கழிப்பறைக்கு. மேல்படி யாருக்கு என்று தினமும் சீட்டுப் போட்டோம். ஒருநாள் கொழுந்தன் மேலே உட்கார்ந்து சோப்பு போட்டுவிட்டார். நுரை படிப்படியாக இறங்கி என் கணவர் கண்ணில் புகுந்து, அவர் கண்ணை மூடிக்கொண்டு தடவி ஓரகத்தியின் காதைப் பிடித்து இழுக்க, அவள் அலற, எல்லாரும் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்து, விக்கலுக்கும் தண்ணீர் கிடையாது என்று நான் சொன்னேன். அதற்கு இன்னொரு சிரிப்பு. பெரியக்கா கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார். அவரும் சிரித்தார். அதை மறைக்க வேண்டியதில்லை.

லாஞ்சு அடுத்த முறை வருகிற நாள் நெருங்கியது. நாம் கிளம்பிவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். "அண்ணி இருக்கிறவரைக்கும் நமக்கென்ன" என்றார் கொழுந்தன். ஒருவர் வாழ்க்கையில் அப்படி ஒரு வார்த்தையை எத்தனை முறை கேட்க முடியும், நீங்களே சொல்லுங்கள்.

பெரியக்கா ஒருவர்தான் கணக்கைக் கெடுத்தார். தன் இரண்டாவது குவளையைச் சமையலறைக்குப் பின்னால் கட்டியிருந்த ஆட்டுக்கு ஊற்றினார். நானே பார்த்தேன். அவர் பங்குதானே என்பீர்கள். இல்லை சார், பஞ்ச காலத்தில் எதுவும் தனிப்பங்கு இல்லை. அன்று சாயங்காலம் சாப்பிடும்போது என் கணவர் அதைச் சொல்லிக் கேலி செய்தார். அடுத்த ஜென்மத்தில் அக்கா ஆடாகப் பிறந்தால் அந்த ஆடு தண்ணீர் காட்டும் என்றார். பெரியக்கா முகம் சுருங்கிப்போயிற்று. பாதியில் எழுந்து போய்விட்டார். எல்லாரும் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டார்கள். அதற்கு முன்னால், அன்று மதியம், எனக்கும் அவருக்கும் சின்னதாக ஒரு பேச்சு நடந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மறுநாள் மணல்திட்டுக்குப் போனோம். தீவிலிருந்து பார்த்தால் கடலுக்கு நடுவில் சுண்ணாம்பால் இழுத்த கோடுபோலத் தெரியும். மரம் கிடையாது, நிழல் கிடையாது, போனில் சிக்னல் கிடையாது, வெறும் வெள்ளை மணல். நடுவில் ஒரு மேடு. காலையில் கொண்டுபோய் விட்டுவிட்டு, சாயங்காலம் வந்து அழைத்துக்கொள்வார்கள். ஒரு படகில் எல்லாரும் கொள்ளமாட்டோம் என்பதால் இரண்டு படகு. அண்ணன் படகு ஒன்று, தம்பி படகு ஒன்று. இந்த அண்ணனும் தம்பியும் படகு கட்டுகிற ஒரு கம்பத்துக்காகச் சண்டை போட்டு, வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டு, "அவன்கிட்ட சொல்லுங்க, கயிறு தளர்ந்திருக்கு" என்று எங்களிடம் சொல்வார் அண்ணன். "தெரியும்னு சொல்லுங்க" என்பார் தம்பி. நாங்கள் நடுவில் நின்று சொல்லுவோம். எங்களுக்கு அது பெரிய விளையாட்டு.

அண்ணன் படகில் என் கணவர், கொழுந்தன், ஓரகத்தி போனார்கள். தம்பி படகில் நானும் பெரியக்காவும். எல்லாருக்கும் குடிதண்ணீரை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். அவர்கள் மூன்று பேருக்கும் ஆளுக்கொரு பாட்டில், கழுத்துக்குக் கீழே வரை. பெரியக்காவுக்கு ஒரு கேன். மேசைமேல் வைத்திருக்கிறீர்களே, அதுதான். விளிம்புவரை நிரப்பினேன். அவர் வயதானவர், எனக்கும் சேர்த்துத்தான் என்று சொன்னேன். மார்க்கர் பேனாவால் கோடும் போட்டேன். காலை, மதியம், சாயங்காலம் என்று ஒவ்வொரு கோடு. எதில் குடித்தாலும் எங்கள் வீட்டில் கோடு உண்டு.

அந்தக் கேனில் கோடுகள் அதிகமாக இருக்கின்றன என்று நீங்கள் விரலால் காட்டினீர்கள். ஆமாம். மறுநாளுக்கும் அதற்கு மறுநாளுக்கும் சேர்த்துப் போட்டிருந்தேன். அப்படியானால் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டாயா என்கிறீர்கள். அது அப்படி இல்லை சார். நான் எதையும் முடிவு செய்யவில்லை, தயாராக மட்டும் இருந்தேன். குடும்பப் பெண்கள் எல்லாரும் அப்படித்தான் இருப்போம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பெரியக்கா மேட்டுக்கு அந்தப் பக்கம் குடையை மணலில் நட்டு, பையைத் தலைக்கு வைத்துப் படுத்தார். நன்றாகத் தூங்கினார். நான் கேனைக் குடை நிழலுக்கு நகர்த்தி, சூடேறாமல் ஒரு துண்டை நனைத்துச் சுற்றி வைத்தேன். கடல் தண்ணீரில்தான் நனைத்தேன். வெயில் சாய்ந்ததும் அண்ணன் படகு வந்தது, மூன்று பேரும் ஏறினார்கள். பெரியக்கா இன்னும் பேசாமல்தான் இருக்கிறார், நான் எழுப்பிக் கூட்டி வருகிறேன் என்று அனுப்பி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் தம்பி படகு வந்தது. "பெரியம்மா?" என்று கேட்டார். "அவங்க அந்தப் படகுலயே போயிட்டாங்க" என்றேன். அவர் தலையாட்டினார். அண்ணனிடம் கேட்டுப் பார்க்கப் போகிறவர் இல்லையே. படகு கிளம்பியபோது திரும்பிப் பார்த்தேன். மேடு மறைத்தது, குடைகூடத் தெரியவில்லை.

வீட்டு ஆட்களிடம், பெரியக்கா என்னை இறக்கிவிட்ட அந்தப் படகிலேயே தீவின் மறுபக்கத் துறைக்குப் போய்விட்டார், இன்றைக்கு லாஞ்சு வருகிற நாள் அல்லவா என்று சொன்னேன். வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மீதியை அவர்களே சொல்லி முடித்தார்கள். "பை?" என்று கேட்டார் என் கணவர். தோளில்தான் என்றேன். "ஒரு ஆட்டுக்காகவா" என்று அவர் சிரித்தார், பிறகு கொஞ்சம் வருத்தப்பட்டார். கூப்பிட்டுப் பார்க்கலாமா என்றாள் ஓரகத்தி. "நீ வேணும்னா தோத்துக்கோ" என்றார் கொழுந்தன். அவள் போனைக் கீழே வைத்துவிட்டாள்.

மறுநாள் காலையிலிருந்து எங்களுக்கு ஒரு புது விளையாட்டு கிடைத்தது. வராந்தாவில் நின்று பார்த்தபோது, அந்த வெள்ளைக் கோட்டின்மேல் சிவப்பாக ஏதோ ஆடிக்கொண்டிருந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரியும். "அது என்ன அண்ணி?" என்றார் கொழுந்தன். படகுக்காரர்கள் கட்டுகிற கொடி, பாறை இருக்கிற இடத்துக்கு அடையாளம் என்றேன். அது குடைக்கம்பில் கட்டிய உள்பாவாடை என்று யாருக்குத் தெரியும்? நாத்தனார் உள்பாவாடையின் நிறத்தைத் தெரிந்து வைத்துக்கொள்கிற குடும்பம் இல்லை எங்களுடையது. எனக்கு மட்டும் தெரியும், துணி காயப்போடுகிறவள் நான்.

கொழுந்தன் அதைப் பார்த்துக் கையசைத்தார். அது இன்னும் வேகமாக ஆடியது. "பாருங்க, பதில் சொல்லுது" என்று அவர் துள்ளினார். ஓரகத்தி துண்டை எடுத்து வீசினாள். அதுவும் வீசியது. என் கணவர் இரண்டு கையையும் தூக்கி ஆட்டம் போட்டார், அது தலைக்குமேல் போய் வட்டமடித்தது. சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது. நானும் கையசைத்தேன். காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை, குவளை வரிசைக்கு முன்னால் கொடிக்கு வணக்கம் என்று அதற்கு ஒரு பெயரும் வைத்தோம். தண்ணீரும் கொஞ்சம் தாராளமாக இருந்தது, ஒரு பங்கு மிச்சமல்லவா. ஆட்டுக்கும் நான் குறை வைக்கவில்லை. அதன் பங்கைத் தினமும் என் கையாலேயே ஊற்றினேன்.

அப்புறம் ஒருநாள் கொடி ஆடவில்லை. "காத்து நின்னுபோச்சு" என்றார் கொழுந்தன். தென்னை மட்டைகள் ஆடிக்கொண்டுதான் இருந்தன. யாரும் அதைக் கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை. உற்சாகமாக இருக்கிறவர்களைக் கெடுப்பானேன்.

இந்த இடத்தில் உங்கள் காகிதத்தில் ஒரு தவறு இருக்கிறது சார், திருத்திக்கொள்ளுங்கள். தண்ணீர் இல்லாமல் இறந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். கேனைப் பாருங்கள். கால்வாசிக்குமேல் இருக்கிறது. தண்ணீர் சரியாக நான் போட்ட ஒரு கோட்டில் நிற்கிறது, அதற்குக் கீழே அவர் இறங்கவே இல்லை. அடுத்த கோட்டுக்கு நேரம் வரட்டும் என்று காத்திருந்திருக்கிறார். வெயில்தான் சார் காரணம். வீட்டில் ஒருநாளும் என் கோட்டை மதிக்காதவர். அங்கே மதித்திருக்கிறார் என்று நீங்கள் கேனைக் காட்டியபோது எனக்கு உண்மையிலேயே மனசு குளிர்ந்தது.

தண்ணீர்ப் படகு வந்த நாளைச் சொல்லாமல் விட முடியாது. தூரத்தில் ஹாரன் கேட்டதும் தீவே கரைக்கு ஓடியது. தடிமனான ரப்பர் குழாயை முற்றத்துக்கு இழுத்து வந்து தொட்டிக்குள் விட்டார்கள். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டு விடுதிக்காரம்மா துடைக்கிற துணியைத் தலைக்குமேல் சுழற்றினார். கொழுந்தன் குழாயைப் பிடுங்கி எல்லார்மேலும் அடித்தார். நான் தடுக்கவில்லை. எனக்கே ஒரு வாளி நிறையக் கொடுத்து, அண்ணிக்குப் பிறகுதான் மற்றவர்களுக்கு என்றார்கள். தலைக்கு ஊற்றிக்கொண்டேன். மேலே ஊற்ற ஊற்ற, இந்தப் பெண்மணி இல்லையென்றால் நாமெல்லாம் என்ன ஆகியிருப்போம் என்று என் கணவர் விடுதிக்காரம்மாவிடம் சொல்வது காதில் விழுந்தது.

நான் கணக்குத் தப்பியது ஒரே இடத்தில்தான். பஞ்சம் மனிதர்களை என்ன செய்யும் என்று எல்லாம் தெரிந்த எனக்கு, அந்தப் படகுக்கார அண்ணன் தம்பியை என்ன செய்யும் என்று தெரியாமல்போயிற்று. அண்ணன் வீட்டில் குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லாத நாளில், தம்பி தன் பானையிலிருந்து ஒரு செம்பு கொண்டுபோய் வாசலில் வைத்திருக்கிறார். அண்ணன் எடுத்துக் குடித்திருக்கிறார். அதிலிருந்து இரண்டு பேரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். இத்தனை வருஷப் பேச்சையும் சேர்த்துப் பேசினார்களாம். பேச்சுவாக்கில், "அந்தப் பெரியம்மா உன் படகுலதானே வந்தாங்க" என்று தம்பி கேட்க, "இல்லையே, உன் படகுலன்னு நெனச்சேன்" என்று அண்ணன் சொல்ல, இரண்டு பேரும் எழுந்து நின்றிருக்கிறார்கள். நாங்கள் அப்போது தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தோம். இரண்டு படகும் ஒன்றாகக் கிளம்புவதைப் பார்த்தேன். சமாதானமாகிவிட்டார்கள்போல என்று எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன்.

சரி. அந்தப் பேச்சைப் பற்றிக் கேட்கிறீர்கள். பேனாவைக் கொஞ்சம் கீழே வையுங்கள், சொல்கிறேன்.

அன்று மதியம் குவளைகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். பெரியக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஆட்டுக்குத் தண்ணீர் ஊற்றியதற்கு நான்தான் முதலில் ஏதோ சொன்னேன். வீணாக்காதீர்கள் என்று கொஞ்சம் அழுத்தியே சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தக் குழாய மூடினது நான்தாம்மா" என்றார்.

எனக்குப் புரியவில்லை. மெதுவாகச் சொன்னார். வந்த அன்று நாங்கள் கடலில் இருந்தபோது, கால் மண்ணைக் கழுவ அவர் மட்டும் திரும்பி வந்திருக்கிறார். என் அறைக்குள் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டிருக்கிறது. குளியலறையில் வாளி நிரம்பி, வழிந்து, தரையெல்லாம் ஓடி, சாக்கடை வழியாக மணலுக்குப் போய்க்கொண்டிருந்ததாம். மோட்டார் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்ததாம்.

எங்கள் ஊரில் குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று சொல்ல முடியாது சார். அதனால் குழாயைத் திறந்தே வைத்து, அடியில் வாளியை வைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்ப்போம். வந்தால் சத்தம் கூப்பிடும், ஓடிப்போய்ப் பிடிப்போம். இத்தனை வருஷமாக என் கை அப்படியே பழகிவிட்டது. விடுதிக்குள் நுழைந்ததும் குழாயைத் திருகினேன். அப்போது மின்சாரம் இல்லை, உஸ்ஸென்று காற்று மட்டும் வந்தது. வாளியை அடியில் வைத்தேன். கடலுக்குப் போய்விட்டேன். அலைச் சத்தத்தில் எந்தச் சத்தம் என்னைக் கூப்பிடப்போகிறது.

விரிசல் எதுவும் இல்லை. நாங்கள் அத்தனை நாளும் அளந்து குடித்த அந்த ஒரு சாண் தண்ணீர், அவர் வந்து மூடியதால் மிஞ்சியது.

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எதுக்கு? வீட்டுல செய்யறதத்தானே செஞ்ச. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். உனக்குன்னு ஒரு பேரு இருக்கு, அது ஏன் கெடணும்" என்றார். என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

சொல்லிவிடுவேன் என்று மிரட்டியிருந்தால் எனக்கு வழி தெரிந்திருக்கும். காலில் விழுந்திருப்பேன், இல்லாவிட்டால் நீங்கள் பார்த்தது பொய் என்று சண்டைக்கு நின்றிருப்பேன். சொல்லமாட்டேன் என்கிறவரை என்ன செய்வது சார்? ஒவ்வொரு நாள் காலையிலும் குவளையோடு வரிசையில் நிற்பார். நான் அளந்து ஊற்றுவேன். அவர் என்னைப் பார்த்து நல்லபடியாகச் சிரிப்பார். ஊருக்குப் போன பிறகும் சிரிப்பார். கொழுந்தன் அணைக்கட்டு என்று கூப்பிடும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு அங்கே இருக்கும். கொஞ்சம் முன்னாலேயே வந்து மூடியிருந்தால் தொட்டியும் குறைந்திருக்காது, யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

நீங்கள் பொறுமையாகக் கேட்டீர்கள், நன்றி. இப்போது பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். மணல்திட்டில் விட்டுவிட்டு வந்தது நான்தான். படகுக்காரரிடம் பொய் சொன்னது நான்தான். கொடி எது என்று தெரிந்தே கையசைத்ததும் நான்தான். கொலை என்றே எழுதுங்கள், எங்கே காட்டுகிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். அந்தக் குழாயை மட்டும் எழுத வேண்டாம் சார். எங்கள் வீட்டில் எல்லாரும் படிப்பார்கள்.